நாலாயிரம் தோட்டாவும் ஓர் எழுத்தும்

பதினோரு வருடங்களில் அவள் ஒருவரையும் கொன்றதில்லை. அந்த நிறுவனத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தேநீர் இடைவேளைக்கு எழுந்திருக்கும் முன் நாலு பேரையாவது சாய்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அவள் சுவரைச் சுட்டாள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை, சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் போக, கணினித் திரையில் ஒரு சாம்பல் நிறச் சுவருக்கு முப்பது அடி தள்ளி நின்றுகொண்டு சுட்டாள். ஆயிரம் தோட்டா ஆனதும் நிறுத்தி, சுவரிலுள்ள ஓட்டைகளை அளந்து நோட்டில் குறித்துக்கொள்வாள். பிறகு அடுத்த துப்பாக்கி. அதனால் அலுவலகத்தில் அவளுக்குச் சுவரக்கா என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

சுடும் விளையாட்டு தயாரிக்கிற நிறுவனத்தில் சுவருக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவள் இப்படிச் சொல்வாள். திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறி தெரிகிறது. அதை எதிரியின் நெற்றியில் வைத்து அழுத்தினால் தோட்டா நெற்றிக்குத்தான் போகும் என்று ஆடுகிறவர் நினைக்கிறார். அது அப்படிப் போகாது. கூட்டல் குறியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. தோட்டா அந்த வட்டத்துக்குள் எங்காவது விழும். ஓடிக்கொண்டே சுட்டால் வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரியும். நின்று நிதானித்து ஒவ்வொன்றாகச் சுட்டால் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கும். வட்டத்தைச் சுருக்குவது திறமை. வட்டத்துக்குள் எந்தப் பக்கம் விழும் என்பது யார் கையிலும் இல்லை.

“அப்ப இது திறமையா, அதிர்ஷ்டமா அக்கா?” என்று கேட்பார்கள்.

“எலுமிச்சம்பழம் வரைக்கும் திறமை. அதுக்குள்ள அதிர்ஷ்டம்.”

இந்தப் பதில் யாருக்கும் பிடித்ததில்லை.

இதற்கு முன்னால் அவள் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் இருந்தாள். பெட்டிக்குப் பத்து திருகாணி எடுத்து அளக்க வேண்டும். அளவு சரி, அளவு தவறு என்ற இரண்டு முத்திரைகளோடு ஒன்பது வருடம். தொழிற்சாலை இடம் மாறியது, அவளை விட்டுவிட்டுப் போனது. இங்கே நேர்காணலில் முதல் கேள்வி, “கேம் ஆடுவீங்களா?” என்பது. ஆடத் தெரியாது என்றாள். வேலை போச்சு என்று கைப்பையை எடுக்கப் போனாள். “உக்காருங்க, உக்காருங்க. இங்க ஆடத் தெரிஞ்சவங்களை அளக்கச் சொன்னா ஆடிக்கிட்டே இருக்காங்க” என்றார் எதிரே இருந்தவர். அவர்தான் மேலாளர். எதற்கெடுத்தாலும் “ஒரு ஃபீல் வரலையே” என்பார் என்பதால் ஃபீல் சார்.

தினமும் புகார்க் கடிதங்கள் அவள் மேசைக்கு வரும். துப்பாக்கி கோணல், தோட்டா திரும்பிப் போகிறது, நான் தலையில்தான் சுட்டேன், என்னிடம் சாட்சி இருக்கிறது. பதினோரு வருடப் புகார்களைப் படித்ததில் அவளுக்கு ஒன்று தெரிந்தது. தோற்றவர்கள் எல்லோருமே அசாத்தியமான குறிகாரர்கள். ஜெயித்தவர் ஒருவர்கூட, எனக்குத் தற்செயலாகப் பட்டுவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதியதில்லை.

வீட்டிலும் ஒரு புகார்க்காரர் இருந்தார். அவள் கணவருக்குக் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஆறரைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து முகம் கழுவி, எட்டு மணி வரை ஆடுவார். பக்கத்து அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

“பாத்தியா! நெத்தியில வச்சேன். எங்க போச்சு பாரு!”

“ஓடிக்கிட்டே சுட்டீங்க.”

“பின்ன, நின்னுக்கிட்டு வாங்க வாங்கன்னு கூப்பிடவா?”

“ஓடினா வட்டம் விரியும்னு எத்தனை தடவை சொல்றது?”

“வட்டத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத. ஊர்க்கண்ணெல்லாம் பாத்துச் சொல்றவன் நான். பலகையில கடைசி வரி வரைக்கும் வெறுங்கண்ணால படிப்பேன்.”

“அந்த எழுத்து ஓடாதுங்க.”

“உங்க ஆபீஸ் துப்பாக்கி கோணல்னு ஒத்துக்கயேன். வீட்டுக்குள்ளதானே பேசறோம், யாருக்குத் தெரியப் போவுது?”

அவள் ஒத்துக்கொண்டதில்லை. அவரும் விட்டதில்லை. மற்றபடி நல்ல குடும்பம்.

அந்த வருடம் பெரிய போட்டி ஒன்று அறிவித்தார்கள். உடனே ஆட்டக்காரர் சங்கத்திலிருந்து நீண்ட கடிதம் வந்தது. திறமையை மதிக்கும் போட்டியில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, ஆகவே வட்டத்தை ஒழிக்க வேண்டும், ஒழித்ததற்குச் சான்றிதழ் தர வேண்டும், சான்றிதழில் அளந்தவரே கையெழுத்திட வேண்டும். ஃபீல் சாருக்குக் கடிதம் பிடித்துப்போனது. “இதுல ஒரு ஃபீல் இருக்கு” என்று வட்டத்தை அடியோடு எடுத்துவிட்டார்.

அன்றைக்கு அவள் ஆயிரம் தோட்டா சுட்டாள். சுவரில் ஒரே ஓர் ஓட்டை. திருகாணித் தொழிற்சாலையில்கூட அப்படிச் சுத்தமான வேலையை அவள் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

முதல் நாள் எங்கும் கொண்டாட்டம். இரண்டாம் நாள் கொண்டாட்டம் பாதியானது. வட்டம் இருந்தவரை கெட்டிக்காரர்களும் சில சமயம் செத்தார்கள். இப்போது கெட்டிக்காரர்கள் சாவதே இல்லை. மற்றவர்கள் கதவைத் திறந்ததும் செத்தார்கள், மறுபடி பிறந்து கதவைத் திறந்து செத்தார்கள். நான்காம் நாள் புகார்க் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. ஃபீல் சார் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, ஐந்து பேரில் இரண்டு பேர் விளையாட்டையே விட்டுப் போய்விட்டார்கள் என்று. புகார் சொல்லக் காரணம் இல்லை. காரணம் இல்லாமல் தோற்க அவர்களுக்குத் தெரியவில்லை.

கணவர் முதலில் மவுஸை மாற்றினார். பிறகு நாற்காலியை. பிறகு முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது என்று திரையை வேறு பக்கம் திருப்பினார். வெள்ளிக்கிழமை கடையில் தன் கண்ணைத் தானே இரண்டு தடவை சோதித்துப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அன்று மாலை அவர் ஆடவில்லை. துணி மடிக்க வந்து உட்கார்ந்தார். அவர் மடித்த துணிகளை அவள் பிறகு இன்னொருமுறை மடிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை ஃபீல் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“திறமை திறமைன்னு உசுரை வாங்கினாங்க. சரின்னு குடுத்தா, நமக்கு அது இல்லைன்னு தெரிஞ்சதும் ஓடறாங்க. வட்டத்தைத் திரும்ப வச்சிரலாம் அக்கா. பழைய அளவு வேணாம். மூணுல ஒரு பங்கு. வெளிய சொல்லவும் வேணாம்.”

“சங்கத்துக்குச் சான்றிதழ் தரணுமே சார்?”

“தரலாமே. வட்டம் இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போடுங்க. உங்க சுவர் மேல அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.”

“சுவர் அப்படிச் சொல்லாதே சார்.”

“சுவர் எங்க பேசப் போவுது? நீங்கதான் பேசணும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பிழை கண்டறியும் பிரிவுக்குத் தலைவர் இல்லாம கெடக்கு. உங்களைத்தான் நெனச்சிருக்கேன். இன்னொண்ணு, தானா சுடற நிரல் ஒண்ணு வந்திருக்காம். ஓய்வே இல்லாம சுடுமாம். அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அந்த ஒரு குறைதான்.”

அவள் இடத்துக்குத் திரும்பினாள். திருகாணி காலத்திலும் சரி, இங்கேயும் சரி, அளவு தவறியதற்கு அவள் ‘சரி’ முத்திரை குத்தியது கிடையாது. அதைப் பெரிய நேர்மை என்று அவள் நினைத்ததில்லை. ஒரு தடவை தப்பாகக் குத்திவிட்டால், அதற்கு முன் குத்திய எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அளக்க வேண்டும் என்று தோன்றும். அவ்வளவுதான்.

வட்டம் திரும்ப வந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளுமாக நாலாயிரம் தோட்டா சுட்டாள். ஓட்டைகள் ஒரு புட்டி மூடி அகலத்துக்குச் சிதறியிருந்தன. சங்கத்தின் படிவத்தில் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் ரொம்ப நேரம் யோசித்து எழுதினாள்:

‘தோட்டாக்கள் அனைத்தும் விதைப்படியே செல்கின்றன.’

விதை என்பது அந்த அலுவலகத்துச் சொல். ஒவ்வோர் ஆட்டமும் தொடங்கும்போது கணினி ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்துதான், எந்தத் தோட்டா வட்டத்துக்குள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வரிசையாக முளைத்து வருகிறது. விதைப்படி செல்கின்றன என்றால் வட்டம் இருக்கிறது, அதிர்ஷ்டம் இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்தவர் படித்தால் விஷயம் வெளியே வந்துவிடும். அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்த சொந்தச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு சீப்பு, ஒரு தைலப் புட்டி, அளவுகோல்.

“நாளையிலேருந்து வேலை இருக்குமான்னு தெரியல” என்று கணவரிடம் சொன்னாள்.

“ஏன், யாரையாவது சுட்டுட்டியா?” என்றார்.

மறுநாள் ஃபீல் சார் வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடித்துக் குலுக்கினார். “என்ன வாக்கியம் அக்கா! கவிதை! சங்கத்துல கைதட்டினாங்களாம்!”

வரவேற்பறைச் சுவரில் சான்றிதழின் பெரிய படி ஒட்டியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. மேலே: ‘தோட்டாக்கள் அனைத்தும் விதிப்படியே செல்கின்றன.’

அவள் நேரே புலவரிடம் போனாள். நிறுவனத்திலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு வரியும் புலவர் கண்ணில் பட்டுத்தான் போகும். பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். ஓர் ஒற்று விட்டுப்போனதற்காக ஒரு விளையாட்டின் வெளியீட்டையே அரை நாள் நிறுத்திவைத்தவர்.

“ஐயா, நான் எழுதினது விதை.”

“பாத்தேன்மா. பரவால்ல, திருத்திட்டேன்.”

“பிழை இல்லைங்க. விதைதான் அது.”

“மரப்படி உண்டு, மாடிப்படி உண்டு. விதைப்படின்னு தமிழ்ல கிடையாதும்மா.”

“கம்ப்யூட்டர்ல இருக்கு ஐயா.”

“இருக்கட்டும். என் கையைத் தாண்டிப் போகாது.”

“அர்த்தமே தலைகீழாப் போகுதே. விதின்னா எல்லாம் சட்டப்படி, ஒழுங்கா போகுதுன்னு நினைப்பாங்க.”

புலவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விதிக்கு ரெண்டு பொருள். சட்டம்னும் சொல்லலாம், தலையெழுத்துன்னும் சொல்லலாம். யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும். மொழியில அவ்வளவு வளம் இருக்கு, நாம என்ன பண்றது?”

அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் சான்றிதழைப் படித்து, கடைசியில் சட்டம் வந்தது என்று மகிழ்ந்தார்கள். கதவைத் திறந்ததும் சாகிறவர்கள் அதையே படித்து, நிறுவனமே தலையெழுத்து என்று ஒத்துக்கொண்டுவிட்டது என்று மகிழ்ந்தார்கள். விட்டுப்போனவர்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். அவள் கணவர் அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, “பாத்தியா, கையெழுத்து யாரோடதுன்னு பாரு” என்று அவளிடமே காட்டினார். அன்று மாலை கடையைச் சாத்திவிட்டு வந்ததும் மறுபடி ஆட உட்கார்ந்தார்.

அவளுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. தன் கையெழுத்துக்கு மேலே தான் எழுதாத வாக்கியம். திருத்தம் வெளியிடச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். “எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. ஒரு எழுத்துக்காக ஏன் அக்கா?” என்றார் ஃபீல் சார். போட்டியன்று அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அளந்த கை என்று அறிவிப்பாளர் அறிமுகப்படுத்தினார். கூட்டம் அவள் கையைப் பார்த்துக் கைதட்டியது.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்கு ஆட்டத்தில் பெயர் ‘பருந்து’. கால்நடை மருத்துவமனையில் உதவியாளர், மெல்லிய குரல். இன்னொருவர் ‘சாவுமணி’. மழலையர் பள்ளி ஆசிரியை. கடைசிச் சுற்றில் பருந்து ஒரு பீப்பாய்க்குப் பின்னால் அசையாமல் குனிந்து, மூச்சடக்கி, ஒரே ஒரு தோட்டா சுட்டார். அது சாவுமணியின் காதோரம் போனது. சாவுமணி ஓடிக்கொண்டே கண்டபடி சுட்டார். பருந்து விழுந்தார். அரங்கம் எழுந்து நின்றது.

பருந்து சான்றிதழின் பிரதியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். “விதிப்படின்னு எழுதியிருக்கு! நான் வச்ச இடத்துக்கு ஏன் போகல? கையெழுத்துப் போட்டவங்க வந்து சொல்லட்டும்!”

மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு அவளை அழைத்துப் போனார்கள். இரண்டு ஆட்டக்காரர்கள், ஃபீல் சார், அவள். ஃபீல் சாரின் நெற்றியில் வியர்வை. அவள் ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு தோட்டாவாக நிறுத்திப் பார்த்தாள்.

“நீங்க செஞ்சது எல்லாம் சரி” என்றாள் பருந்திடம். “வட்டம் இருக்கு. சின்ன வட்டம். உங்க தோட்டா அதோட ஓரத்துல விழுந்துது. உங்க மேல தப்பு இல்ல.”

“அப்படிச் சொல்லுங்கக்கா! அதிர்ஷ்டத்துல ஜெயிச்சாங்கன்னு சொல்லுங்க!”

“இவங்க பதினாலு தோட்டா சுட்டிருக்காங்க. பதிமூணு பட்டது பீப்பாய்ல, கதவுல, கூரையில. ஒண்ணு உங்க தலை.”

“அந்த ஒண்ணு நான் பாத்து வச்சது” என்றார் சாவுமணி.

“நீங்க பாத்து வச்சது கதவுக்கு மேல இருக்கும்மா. இங்க பாருங்க.”

சாவுமணி பார்க்கவில்லை. பருந்து சிரித்தார். அவள் பதிவைப் பின்னால் நகர்த்தினாள்.

“நேத்து அரையிறுதியும் இதுல இருக்கு. இது நீங்க, தம்பி. திரும்பும்போது கை தவறி அமுத்தினீங்க. அவர் செத்துட்டார்.”

பருந்தின் சிரிப்பு நின்றது.

“மொத்தப் போட்டியையும் எண்ணிச் சொல்லிடறேன். எது நீங்க சுட்டது, எது தானா பட்டது, எல்லாம் தெரிஞ்சிடும். ரெண்டு மணி நேரம் போதும்.”

“வேணாங்க்கா” என்றார் பருந்து.

“ஐயோ, வேணாம்” என்றார் சாவுமணி அதே நேரத்தில்.

இரண்டு பேரும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவுமணி பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் சொன்னார். “விதிப்படின்னு அழகா போட்டிருக்கு. அப்படியே இருக்கட்டுமே. நான் ஜெயிச்சேன், அவர் நல்லா ஆடினார்.”

“நான் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றார் பருந்து.

ஃபீல் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அப்ப முடிஞ்சுது. வாங்க, மேடைக்குப் போலாம்.”

“முடியல சார்” என்றாள் அவள்.

பருந்தின் கையிலிருந்த சான்றிதழை வாங்கி மேசைமேல் விரித்தாள். பேனாவை எடுத்து, ‘தி’யின் தலையிலிருந்த கொக்கியை அடித்தாள். அதற்கு முன்னாலிருந்த சின்ன இடுக்கில், அதைத் ‘தை’ ஆக்கும் ஒரு சங்கிலிக் கொம்பைச் செருகினாள். கொம்பு கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டுதான் நின்றது. பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து, தேதி.

“அக்கா, என்ன பண்றீங்க?”

“கையெழுத்து என்னோடது சார்.”

தடுக்க அவருக்கு நேரமில்லை. அறிவிப்பாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, கூட்டம் பொறுமை இழக்கிறது என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு ஓடினார். ஒலிபெருக்கியில் அவர் குரல் முழங்கியது: “தோட்டாக்கள் அனைத்தும் விதைப்படியே சென்றன என்று உறுதி செய்யப்பட்டுள்ளது!”

அரங்கம் அதிரக் கைதட்டியது. அதில் ஓர் எழுத்து மாறியிருந்ததை யாரும் கேட்கவில்லை. ஒருவர் கேட்டார். மேடையோரம் நின்றிருந்த புலவர் காதைப் பொத்திக்கொண்டார்.

பிரிவுத் தலைவர் நாற்காலி அவளுக்குக் கிடைக்கவில்லை. பிழை கண்டறியும் பிரிவில், அந்த வருடம் முழுவதும் ஒரே ஒரு பிழையைக் கண்டறிந்தவர் புலவர்தான் என்று முடிவாகி, நாற்காலி அவருக்குப் போயிற்று. தானாகச் சுடும் நிரலும் வந்தது. முதல் நாளிலேயே ஒரு லட்சம் தோட்டா சுட்டுத் தள்ளியது. ஓட்டைகளை அளந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டியிருந்ததால் அவளை வைத்துக்கொண்டார்கள். அவள் திருத்திய சான்றிதழையே சங்கம் கோப்பில் வைத்துக்கொண்டது. அவளுக்கு அது போதுமாயிருந்தது. சாப்பாடும் இறங்கியது.

அந்த வாரத்தில் ஒரு மாலை கணவர் கேட்டார். “விதைன்னு திருத்தினேன்னு சொன்னியே, அது என்ன?”

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, எண் எப்படி எடுக்கப்படுகிறது, அதிலிருந்து தோட்டாக்கள் எப்படிப் பிரிந்து போகின்றன என்று விளக்கினாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஆட்டம் தொடங்கறப்பவே விழுந்துடுமா?”

“ஆமாங்க.”

“நல்லதா விழலாம், கெட்டதா விழலாம்?”

“அப்படியும் சொல்லலாம்.”

அவர் முகம் மலர்ந்தது. “அதானே பாத்தேன். இத்தனை நாளா எனக்கு விழுந்ததெல்லாம் சொத்தை விதை.”

“அது எல்லாருக்கும் மாறி மாறித்தாங்க விழும். வட்டத்தைச் சுருக்கறது உங்க கையிலதான் இருக்கு. ஒரு தடவை ஓடாம நின்னு சுட்டுப் பாருங்களேன்.”

அவர் திரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஓடவில்லை. ஒரு சுவரோரம் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த ஒருவனின் நெற்றியில் கூட்டல் குறியை வைத்தார். விரல் அழுத்துவதற்குள் திரை சிவப்பானது. யாரோ பின்னாலிருந்து சுட்டுவிட்டார்கள்.

“சொத்தை” என்றார்.

“இது விதை இல்லீங்க. நீங்க சுவரோரம் வர்றப்பவே பின்னாடி ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா. நீங்க திரும்பிப் பாக்கல.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“சொல்றதுக்கு என்ன?”

“நிக்கத்தானே சொன்னேன், நின்னீங்க” என்று அவள் துணியை எடுத்துக்கொண்டாள்.